செக்போஸ்ட்டில் உறங்கிய பெண்

அவள் உறங்காத இடம் என்று எங்கள் பக்கத்தில் ஒன்று உண்டென்றால் அது நெய்யாற்றின்கரை நீதிமன்றமாகத்தான் இருக்கும். அங்கே போக அவளுக்கு ஒரு வழக்கு அமையவில்லை. மற்றபடி பஸ், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி வராந்தா, பரீட்சை எழுதும் பள்ளிக்கூடம் என எல்லா இடத்திலும் அவள் உறங்கி நான் பார்த்திருக்கிறேன், அல்லது பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். களைத்து விழும் உறக்கம் இல்லை அது. பையை மடியில் வைத்துக்கொள்வாள். தலையைச் சுவரில் ஒரு முறை சாய்த்துப் பார்ப்பாள். இடம் சரியாக இருக்கிறது என்று திருப்தியானதும் கண்ணை மூடிக்கொள்வாள். சொந்த வீட்டில் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கிறவர்களுக்கு அந்த அமைதி வராது. எனக்கு வருவதில்லை.

உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. இப்போது பூட்டிக் கிடக்கிறது. அவளும் அவளுடைய அப்பாவும் வேறொரு நாட்டில் இருக்கிறார்கள். சாவி என்னிடம். மாதத்துக்கு ஒரு தடவை போய் ஜன்னல்களைத் திறந்து வைத்து, கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி பூட்டிவிட்டு வருகிறேன். வருவாய்த்துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடப் பொறுப்பான வேலை யாரும் தரப் போவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் என்னைத் தேடி வருவார்கள். எந்தச் சான்றிதழுக்கு எந்த ஜன்னல், எந்த ஜன்னலுக்குப் பின்னால் யார், அந்த ஆள் டீ குடிக்கப் போவது எப்போது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குச் சம்பந்தமே இல்லாத இலாகாக்களின் நடைமுறைகளையும் படித்து வைத்திருக்கிறேன். இது ஒரு நோய். சர்க்கரைக்கு மாத்திரை உண்டு, இதற்குக் கிடையாது.

அவள் தனுவச்சபுரத்தில் பி.எஸ்சி. படித்த காலத்தில், கல்லூரி விட்டு வரும் பஸ்ஸில் ஏறியதும் உறங்கிவிடுவாள். உதியன்குளங்கரை வரும், போகும். பாறசாலை வரும், போகும். பஸ் களியக்காவிளையில் போய் நின்று, எல்லோரும் இறங்கியபின் கண் விழிப்பாள். அதாவது கேரளத்தில் கண்ணை மூடித் தமிழ்நாட்டில் திறப்பாள். இறங்கி ஒரு சாயா குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். சில நாள் திரும்பும்போதும் உறங்கி அமரவிளை வரை போனதுண்டு. அவளுடைய அப்பா பஸ் நிறுத்தத்தில் நின்று, மகளை ஏற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு தடவை நானே கேட்டேன்.

"எப்பிடிப் பிள்ளே உனக்கு உறக்கம் வருது? இறங்கற இடம் போயிருமே?"

"எங்க போவும் மாமா? வண்டி திரும்பி வருமில்லியா?"

கண்டக்டரிடம் குறைப்பட்டுக்கொண்டால் அந்த ஆள் மலையாளத்தில், "அவள் உறங்ஙட்டே சாரே, பாவம்" என்றார். உறங்கட்டுமாம். டிக்கெட் எடுக்காத தூரத்துக்கு ஒரு பயணியை ஏற்றிச் செல்வது எந்த விதியின்படி குற்றம் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லையில் குடியிருப்பவர்களுக்கு எல்லை தெரியாது. வெளியூர்க்காரர்களுக்குத்தான் அது தெரியும், நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் மீன் நன்றாயிருக்கிறது என்று அந்தப் பக்கம் போவோம், அவர்கள் மருந்து வாங்க இந்தப் பக்கம் வருவார்கள். ஒருவரும் 'வெளி மாநிலம் போய் வந்தேன்' என்று சொல்லிக் கேட்டதில்லை. செக்போஸ்ட் என்று ஒன்று உண்டு. அங்கே லாரியைப் பிடிப்பார்கள், கோழி வண்டியைப் பிடிப்பார்கள். நடந்து போகும் மனிதனை அந்நாளில் ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அந்தக் குறுக்குக் கம்பு வண்டிகளுக்கானது என்பது எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அவளும் அப்படித்தான் வளர்ந்தாள்.

கொச்சியில் கடல் அறிவியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, பிறப்பிடச் சான்றிதழ் வாங்க அவளை ஒரு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். எழுதினால் எனக்குத்தான் வெட்கம். எனக்குத் தெரிந்த ஆட்கள் எல்லாம் மாற்றலாகிப் போயிருந்தார்கள். கூட்டம். ஜன்னலுக்கு முன்னால் நின்றவர்களை எல்லாம் அந்தக் குமாஸ்தா, "நாளெ வரூ" என்று ஒவ்வொருவராக நாளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இவள் அவருடைய மேசைக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, சுவரைத் தலையால் சோதித்துவிட்டு உறங்கிப்போனாள். குமாஸ்தா நாலைந்து முறை நிமிர்ந்து பார்த்தார். நிற்கிறவனை நாளைக்கு வரச் சொல்லலாம். உறங்குகிறவளை எழுப்பித்தான் அதைச் சொல்ல வேண்டும். யார் எழுப்புவது? அதற்கு நடைமுறை இல்லை. கடைசியில் அவரே கோப்பைத் தேடி எடுத்து, உள்ளே போய்க் கையெழுத்து வாங்கி வந்து, "சாரின்டெ மோளாணோ?" என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். என் மகள் இல்லை, அடுத்த வீடு என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் துறையில் இருந்த எனக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை அவளுடைய உறக்கத்தால் கிடைத்தது.

எல்லா நேரமும் இது சிரிக்கும்படியாக இருந்ததில்லை. அவள் அம்மா இறந்த நாள் அப்படி. புற்றுநோய், நீண்ட நாள் கிடை. காலையில் உயிர் போயிற்று. நான் பஞ்சாயத்தில் பதிவுசெய்ய வேண்டியதைப் பற்றி அவள் அப்பாவிடம் பேச உள்ளே போனேன். நடு அறையில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த இந்தப் பெண், அம்மாவுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையை அம்மாவின் மேல் போட்டுக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தாள். நல்ல உறக்கம். மூச்சு சீராகப் போய்க்கொண்டிருந்தது.

"இதென்ன பிள்ளை! ஒரு சொட்டுக் கண்ணீரு இல்ல. தள்ளைக்கப் பக்கத்துல கிடந்து உறங்குதே" என்றாள் அதியன்னூரிலிருந்து வந்திருந்த அத்தைக்காரி. ஒருத்தி எழுப்பக் குனிந்தாள்.

"எழுப்பாதேங்க" என்றார் அப்பா. "எடுக்கியதுக்கு நேரம் கிடக்கு. அதுவரை கிடக்கட்டும்."

எனக்கும் அது கொஞ்சம் அச்சமாகத்தான் இருந்தது. எந்த இடத்தையும் அந்நியமாக நினைக்கத் தெரியாத ஒரு பிறவி என்று அவளை அதுவரை வேடிக்கை பார்த்திருந்தேன். சாவுக்குப் பக்கத்திலும் அவளுக்கு இடம் பழகிவிட்டது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அப்பா நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தார். நாள் முழுக்க நிற்கும் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் நின்றுகொண்டேதான் பேசுவார். வடக்கே திருவனந்தபுரம், தெற்கே நாகர்கோவில். அதற்கு அப்பால் அவர் போனதாக எனக்குத் தெரியாது. ஒரே மகள். அவளைக் கொச்சிக்கு அனுப்பவே ஒரு மாதம் யோசித்தவர். படிப்பின் இரண்டாம் வருஷம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நடத்தும் பயிற்சிக் கப்பலில் அவளுக்கு இடம் கிடைத்தது. பல தேசத்து மாணவர்கள் ஒன்றாகக் கப்பலில் போய், கடல் நீரை எடுத்துச் சோதித்து, வழியில் துறைமுகங்களில் நின்று நின்று போவது. பெற்றோர் ஒப்புதல் கேட்டு ஒரு கட்டுத் தாள் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

நான் எல்லாப் பக்கத்தையும் வாசித்துச் சொன்னேன். கப்பல் குறித்த நேரத்தில் புறப்படும், நேரத்துக்கு வராதவருக்காகக் காத்திருக்காது, தவறவிட்டவர் பயிற்சியிலிருந்து நீக்கப்படுவார், சொந்தப் பொறுப்பில் நாடு திரும்ப வேண்டும் என்ற இடத்தில் அவர் என்னை நிறுத்தினார்.

"இது மத்தவங்களுக்கு எழுதினதா சாரே, இல்ல இவளுக்காட்டு எழுதினதா?"

நியாயமான கேள்வி. அவள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, கப்பல்ல நான் உறங்கினா கப்பலும் கூடத்தானே வரும்" என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார். போட்டபின் பேனாவைத் திருப்பித் தர மறந்து கொண்டுபோய்விட்டார்.

கப்பலில் அவளுக்கு உறக்கமே கிடைக்கவில்லை. இரவும் பகலும் முறை வைத்து எழுப்பினார்கள். நடுச்சாமத்தில் வாளி இறக்கித் தண்ணீர் எடுக்க வேண்டும், அதிகாலையில் உப்பு அளக்க வேண்டும். எங்காவது நெட்வொர்க் கிடைத்தால் அப்பாவுக்குச் செய்தி அனுப்புவாள். 'சுகமாக்கும். உறக்கம் மட்டும் இல்லை' என்று. அவர் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவார். மகளுக்கு உறக்கம் இல்லை என்பதில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

பிறகு ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றது. மாணவர்களுக்கு ஒரு பகல் முழுக்க ஓய்வு, எங்கும் போகலாம், சூரியன் மறையும் முன் கப்பலுக்கு வந்துவிட வேண்டும். அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். அங்கே அன்று பணியிலிருந்த ஒரு காவலர் இன்னும் பென்ஷன் வாங்காமல் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் முற்றத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பா ஒரு கையில் செல்போனை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சாரே, அவ விளிக்கா. ஏதோ நாட்டுல அவளப் பிடிச்சு வச்சிருக்காவ!"

செல்போனில் அவள் முகம் தெரிந்தது. பின்னால் அந்த ஊர் மத்தியான வெயிலில் ஒரு சிறிய ஆறு, ஒரு பாலம், ஒரு குறுக்குக் கம்பு, கம்புக்கு முன்னால் வரிசையாக ஸ்கூட்டர்கள்.

"மாமா, சுகந்தானா? இஞ்ச பாருங்க, நம்ம களியக்காவிளை போலயே இல்லியா? அதக் காட்டதுக்காக்கும் அப்பாவ விளிச்சேன்."

"உன்னப் பிடிச்சு வச்சிருக்காவன்னு அப்பா சொல்லுதாரே?"

"பிடிச்சு ஒண்ணும் வைக்கல்ல. இந்தப் பக்கம் விட மாட்டேங்குதாவ, அவ்வளவுதான்."

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். மற்ற மாணவர்கள் எல்லோரும் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். இவள் ஊருக்குள் நடந்திருக்கிறாள். ஆற்றுப் பாலத்தில் பெண்கள் கூடை கூடையாகக் காய்கறியோடு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்திருக்கிறார்கள். அந்தக் கரை வேறொரு நாடு. காவலர்கள் வண்டிகளைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இவள் பெண்களோடு பெண்ணாக நடந்து அக்கரைக்குப் போய், சந்தையில் பொரித்த மீன் தின்று, சாயா குடித்து, ஒரு மரத்தடியில் நன்றாக உறங்கியிருக்கிறாள். எழுந்து திரும்பி வந்தபோது இந்தக் கரைக் காவலர் இவள் கழுத்தில் தொங்கிய கப்பல் அட்டையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வேற நாட்டுக்குப் போறேன்னு உனக்குத் தெரியல்லியா பிள்ளே?"

"தெரியும் மாமா. ஆனா வண்டியத்தானே பிடிப்பாவ? நான் நடந்துல்லா போனேன்."

எங்கள் ஊர்க்காரி. வேறு எவளும் இப்படிச் சொல்லமாட்டாள்.

துறைமுகத்தில் கொடுத்த அனுமதித் தாளை வாசிக்கச் சொன்னேன். துறைமுக நகர எல்லைக்குள் மட்டும் செல்லும், நாட்டை விட்டு வெளியேறினால் காலாவதியாகும் என்று போட்டிருந்தது. மறுபடி நுழைய விசா வேண்டும். பாஸ்போர்ட் கப்பல் தலைவரிடம். அக்கரை நாட்டுக்குள்ளும் அவள் முறைப்படி நுழையவில்லை, அதனால் அங்கேயும் இருக்க முடியாது. நடைமுறை எனக்குப் பளிச்சென்று விளங்கியது. விளங்கியதை அப்படியே சொல்லிவிட்டேன்.

"சட்டப்படி பார்த்தால் நீ இப்போ எந்த நாட்டுலயும் இல்ல."

அப்பா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "எந்த நாட்டுலயும் இல்லியா? பின்ன எங்க சாரே நிக்கா?"

"நிக்கல்லப்பா. பெஞ்சு போட்டுத் தந்திருக்காவ" என்றாள் அவள்.

கப்பலின் உள்ளூர் ஏஜென்ட் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தால்தான் வழி. அவருடைய எண் அந்தத் தாளின் பின்பக்கம் இருக்கும், உடனே கூப்பிடு என்றேன். கூப்பிட்டுவிட்டு மறுபடி வந்தாள்.

"மாமா, இந்த ஊருல மத்தியானம் எல்லாரும் கடையடைச்சிட்டு உறங்குவாவளாம். ஏஜென்டும் உறங்குதாராம்."

சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது கவலை இல்லை, பாராட்டு.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெளியேறியதற்கான முத்திரை அந்தத் தாளில் இல்லை. முத்திரை இல்லையென்றால் ஆவணப்படி அவள் வெளியேறவே இல்லை. வெளியேறாதவள் மறுபடி நுழைய விசா எதற்கு? இதை எப்படித் தொடங்கி, எந்த வரிசையில், எவ்வளவு பணிவாக அந்தக் காவலரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு விளக்கினேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு அழகான ஒரு குறிப்பை நான் எந்தக் கோப்பிலும் எழுதியதில்லை.

"நல்லா இருக்கு மாமா. அவரு சாப்பிடப் போயிருக்காரு. வந்தப் பொறவு சொல்லுதேன்" என்று போனை வைத்தாள்.

பிறகு எடுக்கவில்லை. அப்பா விளித்தார், நான் விளித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. அங்கே சூரியன் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று அவர் கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவர் எங்கள் முற்றத்தில் பலாமரத்துக்கும் கேட்டுக்கும் இடையே நடக்கத் தொடங்கினார். நடுவில் நின்று, "கையெழுத்து நானாக்கும் போட்டேன் சாரே" என்பார். மறுபடி நடப்பார். நான் தூதரகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். எந்தத் துணைச் செயலாளருக்கு நகல் அனுப்ப வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை அதை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்பதிலும் இல்லை.

"சாரே, உள்ளத சொல்லணும். கப்பல் போயாச்சுன்னா அவள ஜெயில்ல போடுவாவளா?"

போட மாட்டார்கள், ஒரு அறையில் வைத்திருந்து திருப்பி அனுப்புவார்கள், படிப்பு போகும், மறுபடி அந்தப் பக்கம் போக முடியாது என்றேன். அவர் தலையாட்டினார். "படிப்பு போகட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, "படிப்பு போனா அவளுக்கு என்ன உண்டு?" என்றார். என்னிடம் கேட்ட கேள்வி இல்லை அது.

ராத்திரி ஊர் அடங்கியபின் போன் அடித்தது. காற்றின் இரைச்சல், அதற்குள் அவள் குரல்.

"அப்பா, கப்பல்ல ஏறியாச்சு. நகர்ந்து போயிட்டு இருக்கோம்."

அவர் போனை என்னிடம் நீட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நான் கேட்டேன்.

"என்ன பிள்ளே நடந்தது? அவரு ஒத்துக்கிட்டாரா? முத்திரை இல்லேன்னு சொன்னியா?"

"அதுக்கு நேரமே வரல்ல மாமா. பெஞ்சுல இருந்து உறங்கிட்டேன்."

"உறங்கிட்டியா?"

"ம். டியூட்டி மாறி வேற ஆளு வந்திருக்காரு. வந்து பாத்தா கப்பல் கார்டு போட்ட பிள்ளை செக்போஸ்ட்ல கிடந்து உறங்குது. தட்டி எழுப்பி ஒரே ஏச்சு. கப்பலு புறப்படப் போவுது, நீ இஞ்ச கிடந்து உறங்குதியான்னு கேட்டாரு போல இருக்கு, பாஷை புரியல்ல. ஒரு காய்கறி வண்டிய நிறுத்தி, கைய பிடிச்சு ஏத்தி விட்டாரு. துறைமுகம் வரைக்கும் அந்த வண்டியில வந்தேன்."

"நீ அக்கரை போயிட்டு வந்ததா அவருகிட்ட சொல்லல்லியா?"

"அவரு கேக்கல்லியே மாமா."

அவளே என்னைத் தேற்றினாள். "உங்க பாயிண்ட் நல்ல பாயிண்டாக்கும் மாமா. அடுத்த தடவை வேணும்னா சொல்லிக்கலாம்."

தனக்கு உறக்கம் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

போனை அவரிடம் கொடுத்தேன். துண்டால் அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வாறேன் சாரே" என்று கேட் வரை போனார். கொண்டியில் கை வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

"சாரே, பாஸ்போர்ட் எடுக்கணும்னா என்னெல்லாம் வேணும்?"

"அவகிட்டத்தான் இருக்கே."

"எனக்காக்கும்."

உமக்கு எதற்கு என்று கேட்டேன்.

"இண்ணைக்கு அந்த ஆளு எழுப்பினாரு. அவரு ஆருன்னுகூட நமக்குத் தெரியாது. நாளைக்கு ஆரு எழுப்புவா? அவ இனி இஞ்ச இருக்கப் போற பிள்ளை இல்ல சாரே, அது எனக்கு இண்ணைக்குத் தெரிஞ்சுபோச்சு. போற இடத்துல எல்லாம் கிடந்து உறங்குவா. எழுப்பியதுக்கு ஒரு ஆளு பக்கத்துல வேண்டாமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். பிறந்த தேதிக்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர் என்று கேட்டேன்.